விருதுக்கு விண்ணப்பிக்காதவர்களைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய விருதுத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உளவியல் சங்கம், பல்கலைக்கழகத் துறை, அறக்கட்டளை என்று எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நீங்கள் கூடினாலும் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். மாநாட்டுக் காலம் நெருங்கினால் உங்கள் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். ‘சிறந்த உளவியல் ஆசிரியர்’, ‘சிறந்த பயிற்சியாளர்’, ‘வாழ்நாள் சாதனையாளர்’. தகுதியுடையோர் உரிய படிவத்தில் விண்ணப்பிக்கலாம். தன்விவரக் குறிப்பு, வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல், துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். சில இடங்களில் திருப்பித் தரப்படாத பதிவுக் கட்டணமும் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு விருது கொடுப்பவர்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அது வேறு வியாபாரம். நல்ல ஆசிரியரைக் கண்டுபிடித்துப் பெருமைப்படுத்த வேண்டும் என்று மெய்யாகவே நினைக்கிற குழுக்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த விண்ணப்பப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்.

ஏன் என்பதை நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், ‘வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து கவனித்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு பிரிவினரைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை.

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் கண்டதைப் பேராசிரியர்கள் மீது அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதன்பின் இந்தத் துறையில் நடந்த வாதங்களும் சிறியவை அல்ல. ஆனாலும், பரிசை முன்னால் தொங்கவிட்டால் செயலின் சுவை கெடக்கூடும் என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த துறை நம்முடையது. அந்தத் துறையே தன் ஆசிரியர்களைப் பார்த்து, ‘வரிசையில் நில்லுங்கள், படிவத்தைப் பூர்த்தி செய்யுங்கள், உங்கள் சிறப்பை நீங்களே ஐந்நூறு சொற்களில் எழுதுங்கள்’ என்று சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நம் பாடத்தில் நமக்கே நம்பிக்கை இல்லையா?

விண்ணப்பத்தின் இன்னொரு கோளாறு, அது எதைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது. உளவியல் பயிற்சியின் பெரும்பகுதி எந்தப் பட்டியலிலும் ஏறாத வேலை. மருத்துவ உளவியல் பயிற்சி நடக்கும் ஒரு புறநோயாளிப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஒரு சிறுவனை அழைத்துவருகிறார்கள். பயிற்சி மாணவி, நுண்ணறிவை அளக்கும் பினே–காமத் சோதனையையோ மாலினின் சோதனையையோ நடத்துகிறார். முதலாவது, 1930களில் வி.வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் தகவமைத்தது. அடுத்தது, நாக்பூரில் ஆர்தர் மாலின் 1960களில் உருவாக்கியது. இரண்டும் பழையவை, கையில் இருப்பவை அவைதான். ஒரு நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) எண் வருகிறது. மாணவி அறிக்கை எழுதி மேற்பார்வையாளரிடம் நீட்டுகிறார்.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் யார் என்பது தெரியும். ஒருவர் கூட்டலை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் கேட்பார்: பையன் எந்த ஊரிலிருந்து வந்தான்? காலையில் எத்தனை மணிக்குப் பஸ் ஏறினான், சாப்பிட்டானா? வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்? நீ கேள்வி கேட்ட தமிழ் அவனுக்குப் புரிந்ததா? காது கேட்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? ‘குழந்தை ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாயே, அவன் என்ன செய்தான் என்பதை எழுது. உன் எரிச்சலை எழுதாதே. பிறகு அந்த வரியை அடித்துவிட்டு அறிக்கையைத் திருப்பிக் கொடுப்பார். மாணவி முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய், தாயை மறுபடி உட்காரவைத்து முதலிலிருந்து கேட்பார். அந்தச் சான்றிதழில் ஏறும் எண்ணை வைத்துத்தான் அந்தக் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காததும். ஆகவே அந்தச் சிவப்பு மைத் திருத்தம் சின்ன விஷயம் அல்ல. ஆனால் அதற்குக் கட்டுரை எண் கிடையாது, தாக்கக் குறியீடு கிடையாது. உங்கள் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

இதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது. பயிற்சி மாணவர் சில வாரங்களாகப் பார்த்துவந்த ஒருவர் தற்கொலை செய்துகொள்கிறார். இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பவர்கள் பலரும் இதைக் கடந்து வந்திருப்பார்கள். அன்று மாலை அந்த மாணவரோடு யார் உட்காருகிறார்கள்? குறிப்பேட்டைப் பிடுங்கி, ‘அபாயத்தைக் கேட்டுப் பதிவு செய்தாயா’ என்று மட்டும் கேட்டு நகர்கிற மேற்பார்வையாளரும் இருக்கிறார். கேட்க வேண்டியதைக் கேட்டு, சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்த்து, அதன்பின் அந்த இருபத்து மூன்று வயதுப் பிள்ளை மறுநாள் வார்டுக்குத் திரும்பி வரக்கூடிய அளவுக்குப் பேசிவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறவரும் இருக்கிறார். இரண்டாமவரிடம் பயின்றவர்கள் இந்தத் தொழிலில் நிலைக்கிறார்கள். முதலாமவருக்கு ஆய்வு எழுத நேரம் நிறைய மிஞ்சும் என்று சொன்னால் குறும்பாகத் தோன்றும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் உளவியல் கற்பிக்கும் எவரும் அந்த நாளைத் தாண்டிப் போய்விட முடியாது. ஆனாலும் ஒரு மாணவர் பட்டம் வாங்கி வெளியேறும்வரை அதைப் பற்றி ஒரு வகுப்புகூட நடக்காத துறைகள் இருக்கக்கூடும். நோயாளியைத் தர்காவுக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போகிற குடும்பத்திடம் எப்படிப் பேசுவது, நம்பிக்கையைக் கேலி செய்யாமல் மருந்தையும் உள்ளே கொண்டுவருவது எப்படி என்பதை மாணவர்களுக்கு அங்கேயே அழைத்துச் சென்று காட்டுகிற ஆசிரியரைப் பற்றி நீங்கள் விசாரித்ததுண்டா?

இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். ‘உளவியல் கல்வி’ என்றவுடன் உங்கள் கண் எம்.ஃபில், பிஎச்.டி. நடத்தும் துறைகள் மீதே போகிறது. தமிழ்நாட்டில் உளவியலை மிகப் பெரிய எண்ணிக்கையில் படிப்பவர்கள் அங்கே இல்லை. பி.எட். கல்லூரிகளில் இருக்கிறார்கள், செவிலியர் கல்லூரிகளில் இருக்கிறார்கள், ஆசிரியர் தகுதித் தேர்வுப் பயிற்சி மையங்களின் தகரக் கூரைகளின் கீழ் இருக்கிறார்கள். அந்தத் தேர்வின் 150 மதிப்பெண்களில் 30, ‘குழந்தை மேம்பாடும் கற்பித்தலும்’ பகுதிக்கு. குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, கோல்பர்க், வைகாட்ஸ்கி ஆகியோரை நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சந்திப்பது அந்த முப்பது மதிப்பெண்ணுக்காகத்தான். வழிகாட்டி நூலில் ‘பியாஜே – 4 நிலைகள், கோல்பர்க் – 3 மட்டங்கள் 6 நிலைகள்’ என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அதே அறையில், பியாஜே செய்ததுபோல ஒரு தம்ளர் தண்ணீரை உயரமான தம்ளரிலும் அகலமான தம்ளரிலும் மாற்றி ஊற்றி, ‘உங்கள் வீட்டு நான்கு வயதுக் குழந்தையிடம் இன்று இரவு இதைச் செய்து பாருங்கள், அது என்ன சொன்னது என்று நாளைக்கு வந்து சொல்லுங்கள்’ என்று அனுப்புகிற ஆசிரியர் ஒருவர் இருந்தால், அவரிடம் படித்துப் போகிறவர் ஒரு தொடக்கப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் குழந்தைகளோடு இருக்கப்போகிறார். விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மனிதர் உங்கள் மாநாட்டுக்கு வரமாட்டார். உங்கள் அறிவிப்பு ஆங்கிலத்தில் இருப்பதால் அது அவருக்கானது என்றே நினைக்கமாட்டார்.

அமெரிக்காவில் உளவியல் கற்பித்தலுக்கான சங்கம் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் உளவியல் நடத்துகிறவருக்கு ஒரு விருது, ஈராண்டுக் கல்லூரி ஆசிரியருக்குத் தனியாக ஒன்று, நான்காண்டுக் கல்லூரி ஆசிரியருக்கு ஒன்று, பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்று, முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே வகுப்பெடுக்கும் மாணவருக்கும் ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் ஆராய்ச்சிப் பேராசிரியரோடு மோத வேண்டியதில்லை. அமெரிக்க உளவியல் அறக்கட்டளை 1970 முதல் வழங்கிவரும் கற்பித்தல் விருது இப்போது சார்லஸ் புரூவர் பெயரைத் தாங்குகிறது. அவர் பெரிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் அல்லர். தென் கரோலினாவில் ஃபர்மன் பல்கலைக்கழகம் என்ற சிறிய நிறுவனத்தில் 1967 முதல் பாடம் நடத்தியவர். உளவியல் கற்பித்தலுக்கென்றே வெளிவரும் இதழின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவர். தன் மிக உயர்ந்த கற்பித்தல் விருதுக்கு ஒரு துறை எந்த மாதிரி மனிதரின் பெயரைச் சூட்டுகிறது என்பது, அந்தத் துறை எதை மதிக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கேயும் கோப்பு கேட்கிறார்கள், பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் காப்பியடிக்கச் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்கும் கண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

பெயர் வைக்க நமக்கு ஆளா இல்லை? 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் உளவியல் துறையை நடத்தத் தொடங்கிய நரேந்திரநாத் சென்குப்தா இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1940களில் துறையை எழுப்பிய ஜி.டி. போவாஸ் இருக்கிறார். மைசூரில் எம்.வி. கோபாலசாமி இருக்கிறார். லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் பயின்றுவந்து 1924இல் மைசூர் பல்கலைக்கழகத்தில் உளவியலைத் தொடங்கிய அந்தப் பேராசிரியர்தான், 1935இல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தை அமைத்து ‘ஆகாசவாணி’ என்று பெயர் வைத்தார். இன்று நாடு முழுவதும் ஒலிக்கும் பெயருக்குப் பின்னால் ஓர் உளவியல் ஆசிரியர் இருப்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்! பெங்களூரில் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனத்தின் முதல் இயக்குநர் எம்.வி. கோவிந்தசாமி, அடுத்த ஆண்டே அங்கே மருத்துவ உளவியல் பட்டயப் படிப்பு ஆரம்பமானது. இன்றைய தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அந்த வேரிலிருந்து வந்தது. நம் எம்.ஃபில் மரபும் அப்படியே.

மருத்துவ உளவியலாளர்களை உருவாக்கிவந்த அந்த எம்.ஃபிலுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபிலை நிறுத்தியது. பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 வரை அவகாசம் கொடுத்தது. 2025இல், உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. தபாலில் பாடப் புத்தகம் வாங்கி, வருடக் கடைசியில் தேர்வெழுதி, ‘கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்’ என்று பலகை மாட்டிய காலம் முடிவுக்கு வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் புதிய படிப்புகள் வரும்போது புதிய மேற்பார்வையாளர்கள் எங்கிருந்து வருவார்கள்? 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருப்பதாகவும், நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமல் இருப்பதாகவும் சொன்னது. படிப்பின் பெயரை மாற்றி, இடங்களைக் கூட்டி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற ஆள் வேண்டும். மருத்துவ உளவியல் பயிற்சியை முறைப்படுத்தும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி தருமுன் அறை, சோதனைக் கருவி, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்க்கிறது. பார்க்கத்தான் வேண்டும். மேற்பார்வை எப்படி நடக்கிறது என்பது அந்தப் பரிசோதனையில் சிக்காது. கவுன்சிலால் முடியாததை ஒரு நல்ல விருது செய்யலாம்: இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டலாம். ஆகவேதான், யாரோ சால்வை வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விண்ணப்பம் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். பழைய மாணவர்களிடம் கேளுங்கள். இந்த ஆண்டுப் பிள்ளைகளிடம் வேண்டாம். அகமதிப்பீட்டு மதிப்பெண் கையில் இருக்கும் ஆசிரியரைப் பற்றி அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? வெளியே போய் ஐந்து, பத்து ஆண்டுகளாகத் தொழில் செய்கிறவர்களிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: ‘ஒரு நோயாளியின் முன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது யாருடைய குரல் உங்கள் காதில் கேட்கிறது?’ அவர்கள் சொல்லும் பெயர்களில் திரும்பத் திரும்ப வருபவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களில் இருவர் அந்த ஊருக்குப் போங்கள். அறிக்கைகளை வாங்கிப் பாருங்கள்: மாணவர் எழுதிய முதல் வரைவு, திருத்தம், இறுதி வடிவம். நோயாளிகளின் அடையாளம் நீக்கிய பிரதிகளைத்தான் சொல்கிறேன். நோயாளி ஒருவரைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் பேசும் ஒரு கேஸ் கான்ஃபரன்ஸில் பின்வரிசையில் உட்காருங்கள். மாணவர்கள் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று அங்கே தயங்காமல் சொல்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இதற்குச் செலவாகும்தான். மாநாட்டு விருந்தில் ஒரு வேளையைக் குறைத்தால் இரண்டு பேருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிடலாம்.

உங்கள் கூட்ட அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை 1920இல் ஆராய்ந்த எட்வர்ட் தார்ன்டைக், ஒரு குணத்தில் உயர்வாகத் தெரிந்தவரை எல்லாக் குணத்திலும் உயர்த்திப் போட்டிருப்பதைக் கண்டார். ஒளிவட்ட விளைவு என்று நாம் கரும்பலகையில் எழுதுவது அதைத்தான். ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர், ஒரு வெளிநாட்டுப் பட்டம், சரளமான ஆங்கிலம் இந்த மூன்றும் மேசைமேல் வந்தவுடன் உங்கள் அறையிலும் அந்த ஒளி பரவுகிறது. முதல் சுற்றில் நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு வாசிக்கலாமே. ஆய்வில் நாம் செய்வதுதானே அது.

விருதாக என்ன கொடுப்பது? கண்ணாடிக் கேடயம் வேண்டாம். அரசு மருத்துவமனையில் மேற்பார்வை செய்கிறவருக்குத் தேவை நேரம். அவருடைய நிர்வாகத்திடம் பேசி, ஓராண்டுக்கு வாரம் ஒரு நாள் மற்ற வேலைகளிலிருந்து விடுவிக்கச் சொல்லி, அதற்கான மாற்று ஆளின் சம்பளத்தை உங்கள் நிதியிலிருந்து கொடுங்கள். அந்த நாளில் அவர் வேறு ஊர்களிலிருந்து வரும் இளம் மேற்பார்வையாளர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பி.எட். ஆசிரியருக்கானால், அவர் செய்துவரும் எளிய வகுப்பறைச் சோதனைகளைத் தமிழில் ஒரு சிறு நூலாக அச்சிட்டுக் கொடுங்கள். அவர் எழுதி வைத்திருப்பார். அச்சிடத்தான் ஆள் இருந்திருக்காது.

விருதுரையைக் கொஞ்சம் சிரமப்பட்டு எழுதுங்கள். ‘தன்னலமற்ற சேவை’, ‘அர்ப்பணிப்பு உணர்வு’ என்று யாருக்கும் பொருந்தும் சட்டையைத் தைக்காமல், அவர் என்ன செய்தார், எதை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கம் எழுதி, எல்லாத் துறைகளுக்கும் அனுப்புங்கள். அவர் எந்த மொழியில் கற்பிக்கிறாரோ அந்த மொழியிலும் அனுப்புங்கள். அந்த ஆண்டு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் விருது இல்லை என்று அறிவித்துவிடுங்கள்; யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பரிந்துரைக்கச் சில பெயர்கள் என்னிடம் உண்டு. அவர்களுக்குத் தெரியாமல், நீங்கள் கேட்டால் மட்டும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டில் உளவியல் கற்பித்து, பயிற்சி மாணவர்களை மேற்பார்வையிடும் ஒருவர்